அறுவடைக்கு அடுத்த ஆண்டு: நெப்ராஸ்காவின் மருந்து மக்காச்சோளம், 2001–2003

மருந்துப் புரதம் தயாரிக்க வளர்த்த மக்காச்சோளம், அடுத்த ஆண்டு சோயாவோடு கலந்து தானியக் கிடங்குவரை போன நிகழ்வு இது. நடந்தது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில். செடிகளில் வேற்றுப் புரதம் தயாரிக்கும் துறையில் இதைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலும் "கலந்துவிட்டது, அபராதம் போட்டார்கள்" என்ற இரண்டு வரியோடு கதை முடிந்துவிடும். கலந்ததற்கு முன்னால் என்ன நடந்தது, கலந்த பிறகு எதற்காக அத்தனை சோயாவையும் அழிக்க வேண்டியிருந்தது என்பவைதான் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதிகள். அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் பொதுப் பதிவில் இருப்பதால் சொல்லியிருக்கிறேன். தனிநபர்கள் யாரையும் பெயரிடவில்லை.

பின்னணி

ஒரு செடிக்குள் வேறோர் உயிரியின் மரபணுவைச் சேர்த்தால், அந்தச் செடி தனக்குச் சம்பந்தமில்லாத புரதத்தைத் தயாரிக்கும். 1989இல் புகையிலைச் செடியில் நோய் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி முழுமையாக உருவாகும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே மனித ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் புரதத்தையும் செடிகளில் எடுத்துக் காட்டினார்கள். இதில் இருந்த ஆசை எளிமையானது. விலங்குச் செல்களைத் தொட்டிகளில் வளர்த்துப் புரதம் எடுப்பதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டும். பாக்டீரியா மலிவு, ஆனால் பல மனிதப் புரதங்களுக்குத் தேவையான சர்க்கரைச் சங்கிலிகளை அதனால் ஒட்ட முடியாது. செடியால் முடியும், அதன் சங்கிலி மனித உடலில் இருப்பதிலிருந்து சற்று வேறுபட்டாலும். உற்பத்தியைக் கூட்ட வேண்டுமென்றால் இன்னும் சில ஏக்கரில் விதைத்தால் போதும்.

டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன் நகரில் இருந்த புரோடிஜீன் என்ற நிறுவனம் இந்த ஆசையை வியாபாரமாக்கிய முதல் சிலரில் ஒன்று. கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதத்தை மக்காச்சோளத்தில் தயாரித்து 1990களின் பிற்பகுதியிலேயே ஆய்வகங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. அப்புறம் டிரிப்சின். வழக்கமாக மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் நொதி அது. மாடுகளின் மூளையைத் தாக்கும் 'பைத்திய மாடு' நோய் பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில், விலங்கே சம்பந்தப்படாத டிரிப்சினுக்கு மருந்து நிறுவனங்களிடம் நல்ல தேவை இருந்தது.

மூன்றாவது வகைப் பொருள்தான் நம் நிகழ்வுக்கு நெருக்கமானது. டி.ஜி.இ. என்ற வைரஸ் நோய் பன்றிக்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்த வைரஸின் வெளிப்புற முள் புரதத்தை மக்காச்சோள மணிக்குள் தயாரித்து, தீவனமாகவே ஊட்டித் தடுப்பு மருந்தாக்க முயன்றார்கள். ஊசி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம்.

ஏன் மக்காச்சோளம்? காய்ந்த மணிக்குள் புரதம் நீண்ட காலம் கெடாமல் இருக்கும். புகையிலை இலையை வெட்டினால் சில மணி நேரத்தில் பிரித்தெடுத்தாக வேண்டும். மணியை மூட்டையில் வைத்து, தேவைப்படும்போது அரைக்கலாம். பயிரிடும் முறையும் இயந்திரங்களும் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் இந்தச் சாதகங்களேதான் பின்னால் பாதகமாயின. வாய்வழித் தடுப்பு மருந்து என்றால் உலர்ந்த மணியில் நிலைத்திருந்து, செரிமானத்தையும் ஓரளவு தாங்கும் புரதமாக இருக்க வேண்டும். அப்படித் தேடிப் பிடித்த புரதத்தைச் சுமந்த மணி நிலத்தில் சிந்தினால், அது கவலைப்பட வேண்டிய மணி. அத்தோடு மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பரப்பும் பயிர், மனிதர்கள் உண்ணும் பயிர், புரோடிஜீன் பயிரிட்ட வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை விளையும் பயிர்.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டார்லிங்க் விவகாரம் வெடித்திருந்தது. கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஒரு மரபணு மாற்ற மக்காச்சோளம், டாக்கோ என்ற மெக்சிகோ உணவுக்காகக் கடைகளில் விற்ற ஓடுகளில் இருப்பது தெரியவந்தது. 300க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உணவுத் துறையினர் யாரும் அதை மறந்திருக்கவில்லை.

2001: விதைப்பும் அறுவடையும்

இப்படிப்பட்ட பயிரை வெளிநிலத்தில் வளர்க்க அமெரிக்க வேளாண் துறையின் கீழ் உள்ள விலங்கு, தாவர நல ஆய்வுச் சேவை அனுமதி தர வேண்டும். சுருக்கமாக ஏஃபிஸ் என்பார்கள். மற்ற மக்காச்சோள வயல்களிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், சுற்றிலும் எவ்வளவு அகலத்துக்குத் தரிசாக விட வேண்டும் என்பதெல்லாம் அனுமதியிலேயே இருக்கும். அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் தானாக முளைக்கும் செடிகளைக் கண்காணித்து அகற்ற வேண்டும் என்பதும் இருக்கும்.

புரோடிஜீன் நெப்ராஸ்கா, அயோவா ஆகிய மாநிலங்களில் பயிரிட்டது. அறுவடையும் முடிந்தது. அந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக எதுவும் இல்லை. எந்த வயலில் என்ன புரதம் வளர்ந்தது என்பது வணிக ரகசியமாக வைக்கப்பட்டது. சுற்றுவட்டார விவசாயிகளுக்கும் பொதுமக்களுக்கும் அது தெரியாது. அன்றைய விதிகள் அதை அனுமதித்தன.

2002 கோடை: சோயாவுக்கு நடுவே மக்காச்சோளம்

அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு மக்காச்சோளம், அடுத்த ஆண்டு சோயா என்று மாற்றிப் போடுவது நெடுநாள் வழக்கம். சோதனை நடந்த நிலங்களிலும் 2002இல் சோயா விதைக்கப்பட்டது. முந்தைய ஆண்டு அறுவடை இயந்திரம் சிந்திய மணிகளும், கீழே விழுந்த கதிர்களும் முளைத்து, சோயாவுக்கு நடுவே மக்காச்சோளச் செடிகள் எழுந்தன.

விவசாயம் தெரிந்த யாருக்கும் இது ஆச்சரியமல்ல. சிந்திய மணிகள் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை. ஆழத்தைப் பொறுத்து, ஈரத்தைப் பொறுத்து, அலை அலையாக முளைக்கும். விழுந்த கதிர் ஒன்று அப்படியே புதைந்தால் ஒரே இடத்தில் குத்தாக வரும். சோயாவில் மக்காச்சோளம் ஒரு களை, அவ்வளவுதான். புல்லினக் களைகளை மட்டும் கொல்லும் மருந்துகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் செடிகளுக்காகச் சாதாரண விவசாயி இன்னொரு முறை மருந்தடிக்க மாட்டார். அவர் கணக்கில் அது லாபமில்லாத வேலை. அதே செடி மருந்துப் புரதத்தைச் சுமக்கும்போது கணக்கு முழுதாக மாறிவிடுகிறது. ஆனால் அந்த நிலத்தில் வேலை நடந்த விதம் மாறவில்லை.

முதலில் சிக்கியது அயோவா. அங்கே சோயா வயலில் தானாக முளைத்த செடிகளை ஏஃபிஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவற்றின் மகரந்தம் பக்கத்து மக்காச்சோள வயல்களுக்குப் போயிருக்கலாம் என்பதால், செப்டம்பரில் சுற்றுப்புறத்தில் இருந்த 155 ஏக்கர் மக்காச்சோளத்தை அழிக்க உத்தரவிட்டார்கள். கலந்துவிட்டது என்று நிரூபிக்கப்பட்டதால் அல்ல, கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால். மக்காச்சோள மகரந்தம் கனமானது. பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். இருந்தாலும் ஒரு சிறு பங்கு காற்றில் தூரம் போகும், சாதகமான சூழலில் சில மணி நேரம் உயிரோடும் இருக்கும். அந்தச் சிறு பங்கை வயலில் நின்று எண்ண வழியில்லை. அதனால் அந்த முடிவில் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

2002 இலையுதிர்காலம்: கிடங்குவரை

நெப்ராஸ்காவில் நடந்தது வேறு வகை. அங்கும் சோயா வயலில் மக்காச்சோளச் செடிகள் நிற்பதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள், அகற்றச் சொன்னார்கள். ஆனால் செடிகள் முழுமையாக அகற்றப்படாமலே சோயா அறுவடை நடந்துவிட்டது. அறுவடை இயந்திரம் சோயாவையும் மக்காச்சோளத்தையும் சேர்த்தே வெட்டியது. அப்படி வந்த சுமார் 500 புஷல், அதாவது 13 டன்னுக்குச் சற்று மேல், ஆரோரா என்ற ஊரின் பெரிய தானியக் கிடங்குக்குப் போனது. அங்கே ஏற்கெனவே இருந்த சோயாவோடு சேர்ந்து மொத்தம் ஏறக்குறைய 5 லட்சம் புஷல் ஆனது.

இந்த இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று நிற்கலாம். மக்காச்சோளம் சோயாவோடு இனக்கலப்பு செய்யாது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சோயாவின் மரபணுவில் எதுவும் மாறவில்லை. நெப்ராஸ்காவில் நடந்தது வெறும் பொருள் கலப்பு, ஒரு தானியத்தோடு இன்னொன்றின் துணுக்குகள் சேர்ந்தது. அயோவாவில் பயந்தது மரபணுக் கலப்பு. இரண்டுக்கும் வேர் ஒன்றே, சிந்திய மணி. ஆனால் தடுக்கும் வழிகள் வேறு. இடைவெளித் தூரத்தைக் கூட்டினால் அயோவா வகைச் சிக்கல் குறையும். நெப்ராஸ்கா வகையை அது தொடக்கூடத் தொடாது. வயலைச் சுற்றி நூறு மைலுக்கு வேறு மக்காச்சோளமே இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த 500 புஷல் கிடங்குக்குப் போயிருக்கும்.

கிடங்குக்குப் போன செய்தி தெரிந்ததும் வேளாண் துறை கிடங்கை முடக்கியது. உணவு மருந்து நிர்வாகமும் சேர்ந்துகொண்டது. சோயா வெளியே போகவில்லை. உணவிலோ தீவனத்திலோ சேரவில்லை. நவம்பர் நடுவில் விஷயம் வெளியில் வந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

5 லட்சம் புஷல், சுமார் 13,600 டன் சோயா. அதில் சந்தேகத்துக்குரிய வயலிலிருந்து வந்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலும் பெரும்பாலானது சோயாதான், மக்காச்சோளம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் அந்நியப் புரதம் மிகச் சிறு அளவு. அது பன்றி வைரஸின் ஒரு துண்டுப் புரதமாக இருந்தாலும் நோயை உண்டாக்காது. இந்த அளவில் யாருக்காவது தீங்கு நேர்ந்திருக்குமா என்றால், நேர்ந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு என்பதே நியாயமான பதில்.

அப்படியானால் ஏன் அத்தனையையும் அழித்தார்கள்? சிலர் இதை அதீத எச்சரிக்கை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புரதத்துக்கு உணவில் இவ்வளவுவரை இருக்கலாம் என்று எந்த அளவும் சட்டத்தில் இல்லை. அனுமதிக்கப்பட்ட அளவு இல்லையென்றால், இருக்கக்கூடிய அளவு பூஜ்யம். பூஜ்யத்தை மாதிரி எடுத்து நிரூபிக்க முடியாது. 13,600 டன்னில் எத்தனை மாதிரி எடுத்தாலும், எடுக்காத பகுதியில் ஒரு மணி இருக்கலாம். என்ன புரதம் என்பதே வெளியில் சொல்லப்படாத நிலையில், "பயப்பட ஒன்றுமில்லை" என்று அரசு சொன்னாலும் வாங்குபவர் நம்பக் காரணமில்லை. ரகசியத்தால் நிறுவனம் போட்டியாளர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டது. அதே ரகசியம், தீங்கு குறைவு என்று வாதிடும் வழியையும் அடைத்துவிட்டது.

2002 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. புரோடிஜீன் 2,50,000 டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. சோயாவை வாங்கி அழிக்கும் செலவையும் ஏற்றது. அது 30 லட்சம் டாலர் அளவுக்கு வந்தது. இனிமேல் தவறு நேர்ந்தால் ஈடுகட்ட 10 லட்சம் டாலர் பிணைத்தொகையும் வைக்க வேண்டியிருந்தது. அபராதத்தைவிட அழிக்கும் செலவு பன்னிரண்டு மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடர்ந்தவை

இந்த நிகழ்வு நடந்த அதே அக்டோபரில், உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமே மருந்துப் பயிர்களை மக்காச்சோள வட்டாரத்தில் வளர்ப்பதைத் தவிர்ப்போம் என்று தானாக அறிவித்திருந்தது. அந்த வட்டார அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள். மருந்துப் பயிர் தங்கள் விவசாயிகளுக்குப் புது வருமானம் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். டிசம்பரில் சங்கம் பின்வாங்கியது. நெப்ராஸ்கா கிடங்கு செய்திகளில் இருந்தபோதே இது நடந்தது என்பதுதான் வேடிக்கை. மறுபுறம் உணவு நிறுவனங்களின் சங்கங்கள், உணவுப் பயிர்களில் மருந்து தயாரிப்பதையே எதிர்த்துக் குரல் கொடுத்தன. மரபணு மாற்றத்தை வழக்கமாக ஆதரித்தவர்களே அவர்கள்.

2003 மார்ச்சில் ஏஃபிஸ் விதிகளை இறுக்கியது. காற்றில் சுதந்திரமாக மகரந்தம் பரப்பும் மருந்து மக்காச்சோளத்துக்கும் மற்ற மக்காச்சோளத்துக்கும் இடையே 1 மைல் தூரம். முன்பு அரை மைல். வயலைச் சுற்றிய தரிசு 25 அடியிலிருந்து 50 அடியாக உயர்ந்தது. விதைக்கவும் அறுக்கவும் தனி இயந்திரங்கள், சேமிக்கத் தனி இடம், வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி. வளரும் பருவத்தில் ஐந்து முறை ஆய்வு, அடுத்த ஆண்டு இரண்டு முறை. தானாக முளைத்த செடிகள் சேர்ந்து அறுவடையாகும் ஆபத்து இருந்தால், அடுத்த பருவத்தில் அதே நிலத்தில் உணவு, தீவனப் பயிர் போடக் கட்டுப்பாடு.

பட்டியலில் கடைசியாகச் சொன்னதுதான் நெப்ராஸ்கா வகைச் சிக்கலை நேரடியாகத் தொடுவது. செய்திகளில் தலைப்பானது என்னவோ 1 மைல்தான்.

நிறுவனத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 2004இல் டெக்சாஸில் நடந்த ஒரு வயல் சோதனையிலும் தானாக முளைத்த செடிகளால் மறுபடி விதிமீறல் எழுந்தது. 2007இல் அது தீர்ந்தபோது, இனி இப்படிப்பட்ட அனுமதிகளைக் கேட்க மாட்டோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

துறை வேறு பக்கம் நகர்ந்தது. 2012 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், செடிச் செல்லில் தயாரான ஒரு மனித மருந்துக்கு முதல்முறையாக அனுமதி தந்தது. கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கான நொதி அது. கேரட் செல்களை மூடிய பைகளில், திரவத்தில் வளர்த்து எடுக்கிறார்கள். வயலே கிடையாது. 2014இல் எபோலா நோயாளிகள் சிலருக்குத் தரப்பட்ட ஆன்டிபாடிக் கலவை, புகையிலைக்கு உறவான ஒரு செடியின் இலைகளில் தயாரானது. வளர்ந்த செடிக்குள் பாக்டீரியா மூலம் மரபணுவைத் தற்காலிகமாகச் செலுத்தி, சில நாளில் இலையை அறுத்துவிடுவார்கள். மரபணு விதைக்குப் போவதில்லை, செடியும் பசுமைக்குடிலை விட்டு வெளியே வருவதில்லை. அதே வகைச் செடியில் தயாரான ஒரு கொரோனா தடுப்பூசிக்குக் கனடா 2022இல் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டது வேறு விஷயம், அதற்குக் காரணம் வயலல்ல, சந்தை.

எதை மாற்றிச் செய்யலாம்

மக்காச்சோளத்திலேயே செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், இந்த நிகழ்வை வைத்து நான் முதலில் மாற்றுவது அடுத்த ஆண்டுப் பயிரை. மக்காச்சோள மணிக்கு உறக்கநிலை அநேகமாகக் கிடையாது. சிந்தியதில் பெரும்பகுதி அடுத்த பருவத்துக்குள் முளைத்துவிடும் அல்லது குளிரில் அழுகிவிடும். அதாவது ஆபத்தான காலம் ஏறக்குறைய ஒரே ஆண்டு. அந்த ஒரு பருவத்துக்கு நிலத்தில் எதுவும் விதைக்காமல், முளைக்க விட்டு உழுது அழித்தால், கிடங்குக்குப் போக எதுவும் இருக்காது. நிலத்துக்காரருக்கு ஒரு பருவ வருமானத்தை நிறுவனம் ஈடாகத் தர வேண்டும். 30 லட்சம் டாலரோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இரண்டாவது, வேலைகளின் வரிசை. நெப்ராஸ்காவில் "செடிகளை அகற்று" என்று சொன்னார்கள். ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திடும்வரை சோயா அறுவடைக்கே தடை என்று வைத்திருந்தால் இந்த நிகழ்வு இல்லை. அறுவடைக் காலத்தில் மழைக்கு முன் அறுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எந்த விவசாயிக்கும் இருக்கும். அந்த அவசரத்தோடு அகற்றச் சொல்லும் ஓர் உத்தரவு போட்டி போட முடியாது. 2002 உடன்பாட்டில், விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. சரியான மாற்றம், ஆனால் அந்த நிறுவனத்துக்கு மட்டும்.

ஒரு சின்ன தொழில்நுட்ப மாற்றமும் உண்டு. மருந்து மணிக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம், உதாரணமாக ஊதா நிறத்தைத் தரும் மரபணுவை, இனக்கலப்பின் மூலமே கொண்டுவரலாம். மக்காச்சோளத்தில் அது காலங்காலமாக இருக்கும் நிறம்தான். சோயாக் குவியலில் மஞ்சள் மணியைத் தேடுவது கடினம், ஊதா மணியைத் தேடுவது எளிது. துணுக்குகளுக்கும் இலைகளுக்கும் இது உதவாது என்பது உண்மை.

பிறகு ரகசியம். புரதத்தின் பெயரையும் அதற்கான சோதனை முறையையும் அனுமதி தரும்போதே ஒழுங்குமுறை அமைப்பிடம் மட்டுமல்லாமல் வட்டாரக் கிடங்குகளிடமும் கொடுத்திருக்க வேண்டும். கிடங்கு நடத்துபவர், வாசலில் வண்டி நிற்கும்போதே ஒரு சோதனைப் பட்டையைத் தோய்த்து அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். அவருக்கு அப்படி ஒரு வயல் பக்கத்தில் இருப்பதாகவே சொல்லப்படவில்லை என்றால், அவர் எதைத் தேடுவார்?